ரஃபேலை எடுத்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள்

சோழவந்தான் பக்கம் நம் ஊர் விழாக் குழுவினருக்கும் இளைஞர் மன்றத் தம்பி தங்கைகளுக்கும், பட்டாளத்தார் வீட்டு மூத்த மகள் எழுதும் திறந்த மடல்.

மந்தையில் வைக்கப்போகும் நினைவுக் கல்லின் மாதிரிப் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். பார்த்தேன். ‘இரண்டாம் உலகப்போரில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய வீர விமானி’ என்று அப்பாவின் தலைக்கு மேலே வளைத்து எழுதியிருக்கிறது. பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ரஃபேல் விமானம். அப்பாவின் கல்யாண ஃபோட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டி, கையில் ஹெல்மெட்டையும் கொடுத்திருக்கிறீர்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேறு. 

எல்லாரும் கைகூப்பிப் படம் போட்டிருந்தார்கள். “ஆசையாச் செய்றாய்ங்க, நீ எதுக்குக் குறுக்க விழுற” என்று தம்பிகூடச் சொன்னான். ஃபிளெக்ஸாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். காதுகுத்து முடிந்த மறுநாள் கழற்றி ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டுவிடுவீர்கள், மழைக்காவது ஆகும். இது கல். நான் போன பிறகும், நீங்கள் போன பிறகும் மந்தையில் நிற்கும். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். என்னை அத்தை என்று கூப்பிடுகிறவர்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று நம்பிக்கை.

முதலில் சின்ன விஷயம். ரஃபேல் நம் விமானப்படைக்கு வந்தது 2020இல். அப்பா காலமானது 1998இல். அந்த விமானத்தை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அடுத்தது பெரிய விஷயம். அப்பா விமானி இல்லை. ஒருநாளும் விமானம் ஓட்டியதில்லை, ஒரு விமானத்தையும் சுட்டதில்லை. அவர் இன்ஜின் ஃபிட்டர். 25 வருஷம் ஃபிட்டர் வேலைதான், அதை மேற்பார்க்கிற வேலைதான். வாரண்ட் ஆபீஸராக ரிட்டயர் ஆனார். இதைச் சொன்னால் அவர் மதிப்பு குறைந்துவிடும் என்று உங்களில் யாராவது நினைத்தால், மேலே படியுங்கள்.

நம் விமானப்படை 1932 அக்டோபர் 8இல் பிறந்தது. முதல் ஸ்குவாட்ரன், அதாவது முதல் விமானப் பிரிவு, 1933 ஏப்ரலில் கராச்சியில் அமைந்தபோது அதில் ஐந்தே விமானிகள். அவர்களோடு 19 பேர் தரைப் பணியாளர்கள். ‘ஹவாய் சிப்பாய்’ என்று அவர்களுக்குப் பெயர். ஐந்து பேர் பறக்க, தரையில் 19 பேர். அந்தக் கணக்கு இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. பறக்கிறவர் படம் மட்டும் பேப்பரில் வரும், அவ்வளவுதான்.

அப்பா சேர்ந்தது 1942இல். அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் போனது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மதராஸ் பாதி காலியாகி, ஜனம் மூட்டை முடிச்சோடு தெற்கே ரயில் ஏறியது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், கையிலிருந்த நகைநட்டை எல்லாம் வழியில் விற்றுத் தின்றுவிட்டு, மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் ராயல் ஏர் ஃபோர்ஸ் விமானத் தளம் போட்டதும் அதே 1942இல்தான். இன்றைக்கு நீங்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஏறப் போகிறீர்களே, அந்த ஏர்போர்ட்டின் பூர்வீகம் அது.

அப்பாவுக்கு அப்போது 19 வயது. எட்டாவது வரை படிப்பு, மதுரையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் எடுபிடி. இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்த பையன்களுக்குப் பட்டாளத்தில் நல்ல சம்பளம் என்று ஆள் எடுக்க வந்தார்கள். தேசபக்தி, ராஜவிசுவாசம் என்று நான் அலங்கரிக்கப் போவதில்லை. வீட்டில் மூன்று தங்கைகள். கொடிக்கால் குத்தகைக் கடன். போனார். லாகூரில் பயிற்சி. கோதுமை ரொட்டியும் குளிரும்தான் முதல் எதிரி என்பார்.

1944 தொடக்கத்தில் அவர் இருந்த ஒன்றாம் ஸ்குவாட்ரன் மணிப்பூரில் இருக்கும் இம்பாலுக்குப் போனது. அதற்குத் தலைவராக இருந்தவர் அர்ஜன் சிங். பின்னாளில் விமானப்படைத் தளபதியாகி, மார்ஷல் பட்டமும் பெற்று, 2017இல் மறைந்தாரே, அவர்தான். அப்போது அவருக்கு வயது 24. மார்ச்சில் ஜப்பான் படை இம்பாலைச் சுற்றி வளைத்துச் சாலையைத் துண்டித்தது. ஜூன் 22ஆம் தேதி வரை இம்பால் தனித்தீவு. அரிசி, பெட்ரோல், மருந்து, தோட்டா எல்லாம் டகோட்டா விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டும். அங்கேயிருந்த தளங்களில் மழைக்குத் தாங்குவது இரண்டுதான், இம்பாலும் பலேலும். மற்றதெல்லாம் மழை பெய்தால் வயல்.

நீங்கள் எழுதியிருப்பது போல அந்த ஸ்குவாட்ரனின் பிழைப்பு ஆகாயத்தில் சண்டை போட்டு எதிரி விமானத்தை வீழ்த்துவது கிடையாது. வேவு பார்ப்பது. தாழப் பறந்துபோய், காட்டுக்குள்ளே ஜப்பான்காரன் எங்கே பாலம் போடுகிறான், எங்கே லாரி ஒளித்து வைத்திருக்கிறான் என்று பார்த்து, படம் பிடித்துக்கொண்டு வருவது. அதற்கு அவர்களிடம் இருந்தது ஹரிக்கேன். புத்தம்புது விமானம் ஒன்றும் கிடையாது, ஐரோப்பாவில் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. முன்பக்கம் உலோகத் தகடு, பின்பாதி உடம்பு துணி. ஆமாம், துணிதான். மருந்து பூசி விறைப்பாக்கிய துணி. குண்டு துளைத்து வந்தால் தையல் போட்டு, ஒட்டுப் போட்டு, மருந்து பூசி, காய்ந்ததும் திரும்பப் பறக்கும். 

இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 24. அந்த மழையில் பிளக் ஈரம் கோத்துக்கொள்ளும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற மேக்னட்டோ மக்கர் பண்ணும். விடிவதற்கு முன்னால், தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டி, ஒருத்தன் டார்ச்சைத் துணியால் மூடிப் பிடிக்க, இன்னொருத்தன் 24 பிளக்கையும் கழற்றித் துடைத்து, இடைவெளி பார்த்து மாட்ட வேண்டும். உள்பக்கத்து பிளக்கைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்கும். அப்பாவின் வலதுகை நடுவிரல் நகம் கடைசி வரைக்கும் கோணலாகவே வளர்ந்தது அதனால்தான். மலேரியாவுக்குக் கொடுத்த மெப்பாகிரின் மாத்திரையில் எல்லாரும் மஞ்சள் பூசினாற்போல ஆகிவிட்டார்களாம். பகலெல்லாம் இன்ஜின், ராத்திரி துப்பாக்கியோடு குழிக்குள் காவல். 

இப்போது நான் எதற்காக இந்த மடலை எழுத உட்கார்ந்தேனோ அந்த இடத்துக்கு வருகிறேன். ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று உண்டு. காலையில் இன்ஜினைச் சோதித்தவர் தன் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். இறக்கை, உடம்பு பார்த்தவர் ஒரு கையெழுத்து. துப்பாக்கி பார்த்தவர், வயர்லெஸ் பார்த்தவர், பெட்ரோல் ஊற்றியவர், ஒவ்வொருவரும். கடைசியில் விமானி வந்து அதைப் படித்துப் பார்த்துத் தானும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் விமானம் நகராது. இருபது இருபத்தொரு வயதுப் பையன், எட்டாவது படித்தவன், ‘இந்த இன்ஜின் சரியாக இருக்கிறது, நான் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுக்கிறான். அதை நம்பி இன்னொரு பையன், அவனும் அதே வயதுக்காரன், மலைக்கு மேலே பறந்து போகிறான்.

அப்படிப் போன ஒரு விமானம் திரும்பவில்லை. அப்பா கையெழுத்துப் போட்ட விமானம்.

தரையிலிருந்து சுட்டானா, மேகத்துக்குள் மலையில் மோதியதா, இன்ஜின் நின்றுபோனதா, யாருக்கும் தெரியாது. விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது, மேற்கொண்டு கேள்வி வரவில்லை. அப்பா இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை என் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவன் காலேஜ் படிக்கிறபோது, பிரேக் ஒயர் பார்த்தாயா என்று கேட்டதற்குப் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறான். அப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டு, திண்ணையில் உட்காரவைத்து, இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “அந்தப் பையனோட அம்மாவுக்கு எழுதணும்னு நினைச்சேன். விலாசம் கேட்டா, ஃபிட்டரெல்லாம் எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றாராம். சாவியை ஒரு வாரம் கொடுக்கவில்லை.

அந்த வட்டாரப் போரில் காணாமல் போன விமானப்படைக்காரர்களின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். லண்டன் பெயர், ஆஸ்திரேலியப் பெயர்களுக்கு நடுவில் சிங்குகளும் கான்களும் வருவார்கள்.

போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வேலை கிடையாது என்று கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பியதும், வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம் நமக்கொரு சம்பளமா என்ற பொருமலும் சேர்ந்துதான் 1946 பிப்ரவரியில், கடற்படைக்காரர்கள் கலகம் செய்த அதே நாட்களில், விமானப்படைக்காரர்களும் பல தளங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பா அதில் இருந்தாரா? கேட்டால் சிரிப்பார். ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள், மெர்லின் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. 1947இல் படையையே பாகம் பிரித்தார்கள். விமானம், ஸ்பேனர், நாற்காலி, மேசை எல்லாவற்றுக்கும் பட்டியல். லாகூரில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் போனார்.

அதன் பிறகு நடந்த ஒன்றைத்தான் அவர் பெருமையாகச் சொல்வார். போர் முடிந்தபோது கான்பூரில் அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். யாருக்கும் பயன்படக் கூடாதென்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போனவை. பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றில் மாட்டி, கான்பூரிலேயே ஓரளவு ஒப்பேற்றி, பெங்களூருக்குப் பறக்கவைத்தே கொண்டுபோய் முழுசாகச் சரிசெய்தார்கள். விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாத காலம். அப்படித் தேறியது ஏறக்குறைய நாற்பது விமானம். 1948 நவம்பரில் அதை வைத்து ஐந்தாம் ஸ்குவாட்ரன் அமைந்தது. அப்பா அதில் போய்ச் சேர்ந்தார். விமானத்துக்கு நாலு இன்ஜின், ஒவ்வொன்றுக்கும் 14 சிலிண்டர். எதைத் திறந்தாலும் உள்ளே இன்னொரு விமானத்தின் நம்பர் அடித்த பாகம் இருக்குமாம். அந்தக் கதம்ப விமானங்கள் 1968 வரைக்கும் பறந்தன. “அமெரிக்காக்காரன் செத்துப்போச்சுன்னு போட்டுட்டுப் போனதை இருபது வருஷம் ஓட்டினோம்ல” என்பார். எதிரியைச் சுட்டதாகச் சொல்லிக்கொள்ள வழியில்லாத மனிதருக்கு இதுதான் வீரக்கதை. எனக்கு இதுவே போதும்.

1950இல் கல்யாணம். அம்மாவைப் பற்றி உங்கள் கல்லில் ஒரு எழுத்துகூட இல்லை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் நம் ஊரில் மாமியார் வீட்டில் மணியார்டருக்குக் காத்திருந்தவர். கிடைத்ததும், மதுரையைத் தாண்டி எங்கும் போகாத பெண், மெட்ராஸில் ரயில் மாறி, புளியும் நல்லெண்ணெயும் ஆட்டுக்கல்லுமாகக் கான்பூரில் போய் இறங்கினார். ஆட்டுக்கல்லை பிரேக் வேனில் போட்டுக்கொண்டு போனதைச் சொல்லிச் சொல்லி அப்பா கேலி செய்வார், அதே கல்லில் அரைத்த இட்லியைத் தின்றுகொண்டே. கான்பூர், ஜாலஹள்ளி, தாம்பரம், அஸ்ஸாம், கடைசியில் வங்காளத்தில் கலைக்குண்டா. மாற்றல் உத்தரவு வந்தால் கறுப்பு ட்ரங்க் பெட்டியில் அப்பாவின் சர்வீஸ் நம்பர் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார், பிறகு பாத்திரங்களை உள்ளே அடுக்குவார். எங்கள் மூன்று பேருக்கும் பிறந்த ஊர் வேறு வேறு. எழுதப் படிக்கத் தெரியாமல் போனவர், ஹிந்தி, வங்காளி, கொஞ்சம் பஞ்சாபி எல்லாம் பேசுவார். தமிழ் எழுத்தை அம்மா மாவில் எழுதிக் கற்றுக்கொண்டு, எனக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

1965 செப்டம்பர் 7, நான் பார்த்தது. எனக்கு 12 வயது. அப்பா கலைக்குண்டாவில் கான்பெர்ரா குண்டுவீச்சு விமானங்களின் பொறுப்பில் இருந்தார். கான்பெர்ராவை எழுப்பத் தோட்டா வெடிக்க வேண்டும். படாரென்று சத்தம், கறுப்பாக ஒரு புகை, பிறகு இன்ஜின் ஊளையிடும். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு விடியும். அன்று காலை கேட்டது வேறு சத்தம். கிழக்குப் பாகிஸ்தானில் டாக்காவிலிருந்து வந்த சேபர் விமானங்கள் தளத்தைத் தாக்கின. வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். கடைசித் தம்பி இடுப்பில். ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். குழிக்குள் தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு, தளத்துப் பக்கம் கரும்புகை எழும்புவதைப் பார்த்தோம். கான்பெர்ராக்கள் நின்ற இடத்திலேயே எரிந்தன. அதே நாளில் திரும்பவும் வந்தார்கள். அப்போது நம் ஹன்டர் விமானங்கள் மேலே தயாராக நின்று விரட்டின. அந்தச் சண்டையைப் பற்றி நீங்கள் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் குழிக்குள்ளிருந்து பார்த்தது புகையை மட்டும்.

அப்பா மறுநாள் ராத்திரிதான் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் ரோமம் பொசுங்கியிருந்தது. எரிகிற விமானத்துக்குப் பக்கத்தில் நின்ற விமானத்தை டிராக்டர் கட்டி இழுத்திருக்கிறார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவினார். அப்பா சாப்பிட உட்கார்ந்தவர், கையில் பேனா மை இருக்கிறதே என்று எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தார். அந்தக் களேபரத்திலும் பதிவேடு எழுதியிருக்கிறார்!

1967இல் ஓய்வு. 44 வயது. பென்ஷனை வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. மதுரையில் மறுபடியும் ஒரு பஸ் ஒர்க்ஷாப், ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் கிணற்று ஆயில் இன்ஜின். உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள், பெரியாறு வாய்க்கால் தண்ணீர் வராத மாதங்களில் கொடிக்காலும் வாழையும் காயாமல் காப்பாற்றியது யார் என்று. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். “ரெண்டாவது பேரிங்” என்பார். பிரித்தால் அதுதான் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, தேதி, யார் இன்ஜின், என்ன கோளாறு, என்ன மாற்றினோம் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு, இன்ஜின்காரரிடமும் கையெழுத்து வாங்குவார். தெரியாதவர்கள் கைநாட்டு. “பட்டாளத்தாரு பம்புசெட்டுக்கும் பத்திரம் எழுதுறாரு” என்று ஊரே சிரித்தது. அந்த நோட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்களில் நிறையப் பேருடைய தாத்தா கைரேகை என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் மலாயா தாத்தா. அவர் பெயரை ஏன் விட்டீர்கள்? ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், 1943இல் நேதாஜி வந்து பேசியதைக் கேட்டு அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து, 1945இல் ஐராவதி ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, முகாமில் கிடந்து எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தவர். குழுவில் யாரோ எழுதியிருந்தீர்கள்: ‘ஒருத்தர் பிரிட்டிஷ்காரனுக்காகச் சண்டை போட்டவர், ஒருத்தர் எதிர்த்துச் சண்டை போட்டவர், ரெண்டு பேரையும் ஒரே கல்லில் எப்படி எழுதுவது’ என்று. அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. மந்தை டீக்கடை பெஞ்சில் ஒரே தினத்தந்தியைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்தார்கள். 1972இல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் அறிவித்தபோது, மலாயா தாத்தாவுக்கு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும், சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் அப்பாதான். ஒரு ஆபீஸில், ‘நீர் எதிர்க்கட்சி ஆச்சே, உமக்கென்ன இதில் அக்கறை’ என்று கேட்டார்களாம். “அவரு சுட்டிருந்தா நான் செத்திருப்பேன், நான் ரெடி பண்ணுன பிளேனு சுட்டிருந்தா அவரு செத்திருப்பாரு. ரெண்டும் நடக்கல. ஃபாரத்தக் குடுங்க” என்றிருக்கிறார்.

கிழக்குத் தெருவில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒருவர் பயோனியர் படையில் ரோடு போட்டவர், 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், சாகிற வரைக்கும் பென்ஷன் இல்லை. இன்னொருவர் லாரி டிரைவர், பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை. அவர்கள் பெயரும் உங்கள் படத்தில் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பர்மாவில் உடல் கிடைக்காமல் போன தரைப்படைக்காரர்கள் ஏறக்குறைய 27,000 பேரின் பெயர் ரங்கூனுக்கு வடக்கே டவுக்கியான் நினைவிடத்துத் தூண்களில் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் தேடிப் பாருங்கள். நம் ஊர்க்காரர் பெயரைப் பர்மாவில் கல்லில் வெட்டி வைத்திருந்து, நம் மந்தையில் இல்லாமல் போனால் நல்லாயிருக்காது.

சாதிப் பட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சர்வீஸ் நம்பர், பெயர், தொழில், நடத்தை ‘மிக நன்று’ என்று இருக்கிறது. வால் எதுவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் போட்டுக்கொள்ளவில்லை. செத்தவருக்குப் புதிதாக ஒட்டவைக்க வேண்டாம். இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை, தம்பிகளா. பட்டம் இருந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஃபோட்டோவும் வராது, பணமும் வராது.

அப்பாவுக்கான வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்:

‘இன்ஜின் ஃபிட்டர். இந்திய விமானப்படை, 1942–1967. இம்பால் 1944, கலைக்குண்டா 1965. வாரண்ட் ஆபீஸராக ஓய்வு பெற்றார். அதன் பின் இந்த ஊரின் ஆயில் இன்ஜின்களைப் பழுது பார்த்தார்.’ மேலே அவர் பெயர், பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அம்மா பெயர்.

ரஃபேல் இருந்த இடத்தில் படம் ஏதாவது வேண்டுமென்றால் ஒரு ஸ்பேனர் போதும். ஹரிக்கேன்தான் வேண்டும் என்றால் சரியான ஹரிக்கேனாகப் போடுங்கள், மூக்கில் சுழல்விசிறி இருக்கும், புகை கக்காது. சீருடையில் அப்பா நிற்கிற ஃபோட்டோ ஒன்று இருக்கிறது, 1946இல் அம்பாலா ஸ்டுடியோவில் எடுத்தது, தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை யாராவது பசுமலைக்கு வந்தால் தருகிறேன். ஸ்கேன் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மலாயா தாத்தாவின் பேத்தியிடம் பேசிவிட்டேன், அவரிடமும் ஒரு படம் இருக்கிறதாம். கிழக்குத் தெருக்காரர்கள் வீட்டுக்கு நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள், ஃபோனில் கேட்காதீர்கள். ஐந்து பெயர் வந்தால் கல் பெரிதாகும், செலவு கூடும் என்று தெரியும். கூடுகிற பணம் என் பொறுப்பு. கல் வெட்டுகிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறேன், பார்த்துக் கையெழுத்துப் போட்டே தருகிறேன்.

இப்படிக்கு,
பட்டாளத்தார் வீட்டு மூத்த மகள்,
பசுமலை, மதுரை.